சமூகப் பணியா, சமாளிப்புப் பணியா?

கடன்பட்ட பெண்ணொருத்திக்கு நம் நாட்டில் இன்று வழங்கப்படும் மருந்துகள் மூன்று. வரவு செலவுக் கணக்கு எழுதும் பயிற்சி ஒன்று, உளவளத்துணை மற்றொன்று, தலைமைத்துவச் செயலமர்வு இன்னொன்று. பிரதேச செயலகத்தின் கூட்ட மண்டபத்திலோ, அரசசார்பற்ற நிறுவனம் ஒன்றின் பயிற்சி நிலையத்திலோ அவள் ஒரு பகற்பொழுது உட்கார்ந்திருப்பாள். வரவுப் பதிவேட்டிற் கையெழுத்திடுவாள். படம் எடுப்பார்கள். சோற்றுப் பொதியுடன் வீடு திரும்புவாள். மறுநாட் காலையிலே கடன் அறவிடுபவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் நிற்பார். முதல் நாள் கற்ற பாடங்களுள் எது அவரைத் திருப்பி அனுப்ப அவளுக்கு உதவும்?

சமூகப் பணி என்னும் துறையை நோக்கி நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே. உலகளாவிய காரணங்களால் விளைந்த ஒரு துன்பத்தைத் தனியொரு பெண்ணின் குணக்குறைபாடாகக் கண்டு, அவளைத் திருத்த முற்படுவது எவ்வகைப் பணி? அவளுக்குச் சிக்கனம் தெரியாது என்கிறார்கள். திட்டமிடத் தெரியாது என்கிறார்கள். மனத்திடம் போதாது என்கிறார்கள். நூற்றுக்கு இத்தனை வீதமென்று வட்டி வாங்குகிறவனுக்கு நியாயம் தெரியுமா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறோரிடத்திற் பூசப்படுகிறது.

இந்தக் கடன் நம் கிராமத்து மண்ணில் தானாக முளைத்ததன்று. அது வந்த வழியைச் சற்று நோக்குவோம். 1976ஆம் ஆண்டிலே வங்காளதேசத்தின் ஜோப்ரா என்னும் கிராமத்தில், பொருளியற் பேராசிரியரான முகம்மது யூனுஸ் 42 ஏழைகளுக்கு மொத்தம் 27 டொலர் பெறுமதியான சிறுதொகையைக் கடனாகக் கொடுத்தார். வட்டிக்காரரின் பிடியிலிருந்து அவர்களை மீட்பதே அவரது நோக்கமாயிருந்தது. 1983இல் அம்முயற்சி கிராமீன் வங்கியாக உருப்பெற்றது. 2006இல் அவ்வங்கிக்கும் அதன் நிறுவுநருக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வறுமையை ஒழிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதென்று உலகமே கொண்டாடியது.

ஆனால் ஏழைகள் கடனைத் தவறாது திருப்பிச் செலுத்துகிறார்கள் என்ற செய்தி, ஏழைகளின் நண்பர்களுக்கு மட்டும் எட்டவில்லை. மூலதனத்தின் செவிகளுக்கும் எட்டியது. தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய மெக்சிக்கோவின் கொம்பார்த்தமோஸ் வங்கி 2007இல் தன் பங்குகளைச் சந்தையில் விற்றது. அவ்வாறே தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய இந்தியாவின் எஸ்.கே.எஸ். நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையிற் புகுந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், கடன் நெருக்குதலாற் பலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் குவிந்த நிலையில், ஆந்திரப் பிரதேச அரசு நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. வட்டிக்காரனை விரட்டப் புறப்பட்டது, முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவதற்குள், பங்குதாரர்களுக்கு ஆதாயம் தேடித் தரும் புதிய வட்டிக்காரனாய் வந்து நின்றது.

நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது, வீடிழந்து, தொழிலிழந்து, உற்றாரை இழந்து மீண்ட மக்களைத் தேடி முதலில் வந்தவற்றுள் நிதி நிறுவனங்களும் இருந்தன. ஆண் துணையை இழந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்களே அவர்களின் தலையாய வாடிக்கையாளராயினர். ஈடு வைக்க அவர்களிடம் எதுவுமில்லை. ஆதலால் அயலாரின் நட்பையே ஈடாக்கினார்கள். ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருத்தி செலுத்தத் தவறினால் மற்றையோர் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அயலவள் அயலவளைக் கண்காணிப்பாள். ஒருத்தியின் கிழமைத் தவணைக்காக மற்றையோர் அவள் வீட்டு வாசலில் மணிக்கணக்கிற் காத்திருப்பர். ஆபத்துக்கு அரிசி கடன் கொடுத்த உறவை, ஒருவரையொருவர் கண்டு ஒளிந்துகொள்ளும் உறவாக மாற்றிய இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘பெண்களை வலுவூட்டல்’.

இதில் மிகைப்படுத்தல் ஏதுமில்லை. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி 2018இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்தபோது, சில நுண்கடன்களுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 220 வீதம் வரையில் வட்டி அறவிடப்படுவதாக எடுத்துக் காட்டினார். கடன் அறவிடுவோரின் உடல், உளத் துன்புறுத்தல்களையும், பாலியல் நெருக்குதல்களையும் வெளிப்படையாகவே சுட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம், வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைச் செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. தனியாட்களின் ஊதாரித்தனமே காரணமென்றால், 12 மாவட்டங்களின் பெண்கள் ஒரே காலத்தில் ஊதாரிகளாய் மாறிவிட்டார்களா?

இங்கே சமூகப் பணியாளர் என்ன செய்தார்? பெரும்பாலும், தமக்குக் கற்பிக்கப்பட்டதையே செய்தார். அழுதவளின் கண்ணீரைத் துடைத்தார். உறக்கமில்லாதவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இவற்றை நாம் ஏளனஞ் செய்யவில்லை. உயிரை விடத் துணிந்த ஒருத்தியை ஓர் இரவு தாங்கிப் பிடிப்பது அரிய தொண்டு. அதைச் செய்தவர்களை வணங்குகிறோம். ஆனால் அந்த இரவுக்குப் பின் விடியும் காலையில் அவளது கடன் அட்டையை வாங்கிப் பார்க்கும் கடமை யாருடையது? அட்டையைப் பார்ப்பது ‘அரசியல்’ என்றும், கண்ணீரைத் துடைப்பது மட்டுமே ‘தொழில்’ என்றும் பிரித்து வைத்தவர் யார்?

இப்பிரிவினையை நாம் முன்னரும் கண்டோம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றபோது, உலகெங்குமிருந்து உளவியல் நிபுணர்கள் நம் கரைகளுக்கு வந்தனர். மீனவச் சிறுவர்களுக்கு நிறப் பென்சில் கொடுத்து, கடலை வரையச் சொன்னார்கள். அதே நாட்களிலே அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையோரத்தில் எல்லை வகுத்து, அவ்வெல்லைக்குள் மீனவர் மீண்டும் வீடு கட்டலாகாதென்று விதித்தது. உல்லாச விடுதிகளுக்கோ வழி விட்டது. மீனவனின் பயத்துக்கு மருந்து கொடுத்தவர்களுள் எத்தனை பேர் அவனது மண்ணுக்காக வாய் திறந்தனர்?

இக்குறை சமூகப் பணியின் பிறவிக் குறையா? அன்று என்பதை அதன் வரலாறே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரு வேறு பாதைகள் அத்துறையிலே திறந்தன. 1869இல் இலண்டனிலே தோன்றிய தரும ஒழுங்கமைப்புச் சங்கம் ஒரு பாதை. உதவிக்குத் தகுதியுடைய ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் என்று விசாரித்துப் பிரிப்பதே அதன் தலையாய தொழில். வறுமையின் காரணத்தை ஏழையின் ஒழுக்கத்திலே தேடியது அது. மற்றைய பாதை, 1889இல் சிக்காகோ நகரிலே ஜேன் அடம்ஸ் அம்மையாரும் எலன் கேற்ஸ் ஸ்டார் அம்மையாரும் தொடங்கிய ஹல் இல்லம். குடியேறிய தொழிலாளரின் சேரி நடுவே அவர்கள் வாழச் சென்றனர். அங்கே தங்கிய புளோரன்ஸ் கெலி அம்மையார் வீடு வீடாகச் சென்று, தையற் பட்டறைகளிற் சிறுவரும் பெண்களும் எத்தனை மணி நேரம் வதைகிறார்கள் என்று கணக்கெடுத்தார். அக்கணக்கு அலுமாரியில் உறங்கவில்லை. 1893இல் இல்லினோய் மாநிலம் சிறுவர் உழைப்பைத் தடுத்து, பெண்களின் வேலைநேரத்தை எட்டு மணியாக வரையறுத்துச் சட்டம் இயற்றியது. முதலாளிமார் வாளாவிருக்கவில்லை. எட்டு மணி நேர விதியை 1895இல் அம்மாநில உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆயினும், சேரியிற் காணும் துன்பத்தை எண்ணிப் பார்த்துச் சட்டமன்றத்தின் வாயில் வரை கொண்டு செல்வதும் சமூகப் பணியே என்பதை அப்பெண்கள் நிலைநாட்டிவிட்டனர்.

2014இல் மெல்பேணிற் கூடிய சமூகப் பணியாளரின் சர்வதேச அமைப்புக்கள் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணமும் இதையே சொல்கிறது. சமூக மாற்றம், சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, மக்களின் விடுதலை ஆகியவற்றை அது இத்துறையின் உயிர்நாடிகளாகக் குறிக்கிறது. நம் நாட்டிலும் 1952இலே தொடங்கிய சமூகப் பணிப் பயிற்சி, 1992இன் சட்டத்தினாலே தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக வளர்ந்து, இன்று பட்டங்களையும் வழங்குகிறது. அவ்வரைவிலக்கணத்தை மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். பட்டம் பெற்று வேலைக்குச் சென்றதும் அவர்களின் கைகளிலே கொடுக்கப்படுவது வேறொன்று: காலாண்டு அறிக்கைப் படிவம். எத்தனை பேருக்குப் பயிற்சி? எத்தனை பேருக்கு ஆலோசனை? எத்தனை கோழிக் குஞ்சுகள் விநியோகம்? ‘எத்தனை கடன்கள் நியாயமற்றவையெனக் கண்டறியப்பட்டன?’ என்ற கட்டம் அப்படிவத்தில் இல்லை. நிதி வழங்குவோன் கேளாத கேள்வியை நிதி பெறுவோனும் கேட்பதில்லை. இளம் பணியாளரின் மனச்சாட்சியை நாம் குறை கூறவில்லை. அம்மனச்சாட்சி பேச இடமற்ற படிவத்தையே குறை கூறுகிறோம்.

தகுதியுடைய ஏழையைத் தேடும் அந்தப் பழைய இலண்டன் பாதை மறைந்துபோகவுமில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில், சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்றவாறு வகுக்கப்பட்ட 22 குறிகாட்டிகளாற் குடும்பங்கள் அளக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். தன்னை விட அயலவன் வறியவனா அல்லனா என்று ஏழை ஏழையைப் பார்த்துக் கேட்கும் நிலை கிராமங்களில் உண்டாயிற்று. நாட்டை யார் கடனாளியாக்கினார் என்ற கேள்வி, யார் வீட்டில் என்ன பொருள் இருக்கிறது என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. நாட்டுக்குச் சொல்லப்பட்ட போதனையும் படலையடியில் நிற்கும் பெண்ணுக்குச் சொல்லப்பட்ட போதனையும் ஒன்றே என்பதை ஆழ்ந்து நோக்குவோர் அறிவர்: செலவைக் குறை, தவணையைக் கட்டு, கடன் நியாயமானதா என்று கேளாதே.

இவ்விடத்தில் நம் இடதுசாரி நண்பர்கள் சிலர் புன்னகை செய்வர். “இதைத்தானே நாம் எப்போதும் சொல்கிறோம்! சமூகப் பணி என்பதே கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடும் வேலை. முதலாளித்துவம் ஒழியும்போது கடனும் ஒழியும். அதுவரை இந்த ஒட்டு வேலையில் நமக்கென்ன அலுவல்?” என்பர். அவர்களுக்கும் நாம் விடை கூற வேண்டும். உண்மையில், இக்கட்டுரையின் கடுமையான பகுதி அவர்களுக்கே உரியது.

நண்பர்களே, புரட்சியைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீடு செல்லும் பெண்ணும் மறுநாட் காலையில் அதே படலையடியில் அதே மனிதனையே சந்திக்கிறாள். உளவளத்துணையாளராவது அவளிடம் வந்தார், நீங்கள் வந்தீர்களா? அவளது கடன் அட்டையை உங்களிற் பலர் கண்ணாலும் கண்டதில்லை. வரலாற்றின் இறுதி நியாயத்தைக் காட்டி இன்றைய அநியாயத்தைக் கடந்து செல்வது, கோயில் வாசலிலே கர்மவினையைக் காட்டி ஏழையைக் கடந்து செல்வதிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

நம் நாட்டின் முற்போக்கு இயக்கம் இவ்வாறு வளரவில்லை. 1953இலே பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி நாட்டையே உலுக்கிய ஹர்த்தால், அடுப்படியிலே பெண்கள் போட்ட கணக்கிலிருந்து எழுந்ததன்றி, தத்துவ நூலொன்றின் பக்கத்திலிருந்து எழுந்ததன்று. யாழ்ப்பாணத்தில் 1930களிலே மூளாயில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு மருத்துவமனையை நிறுவியபோதும், ஊர்தோறும் சிக்கனக் கடனுதவுச் சங்கங்களை அமைத்தபோதும், அவர்கள் எவரது கருணைக்கும் காத்திருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்திலே கடன் கொடுப்பவரும் கடன் வாங்குபவரும் அதே ஊரவரே. வட்டியில் மிஞ்சுவது தொலைவிலுள்ள பங்குதாரரைச் சென்றடையாமல் ஊரிலேயே தங்கும். அச்சங்கங்களிற் பல இன்று உறங்கிக் கிடக்கின்றன. சில, கட்சிக்காரரின் கைகளிற் சிக்கிச் சீரழிந்தன. எனினும் பாதை நமக்குப் புதியதன்று.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. 2021 மார்ச்சிலே பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில், நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் வீதியோரத்திற் சத்தியாக்கிரகம் தொடங்கினர். ஐம்பது நாட்களுக்கு மேல் அங்கேயே இருந்தனர். கடன்களை இரத்துச் செய், நிறுவனங்களைக் கட்டுப்படுத்து என்பன அவர்களின் கோரிக்கைகள். அதற்கு முன்னர், ஒவ்வொருத்தியும் தன் கடனைத் தன் வெட்கமென எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள்தான். அந்தக் கொட்டகையின் கீழே ஒருத்தியின் வெட்கம் பலரது வழக்காயிற்று. எந்த உளவளத்துணையும் தர இயலாத திடத்தை அது தந்தது. சிங்களக் கிராமத்துப் பெண்கள் எழுப்பிய அக்கோரிக்கை கிளிநொச்சிப் பெண்ணினதும் மட்டக்களப்புப் பெண்ணினதும் கோரிக்கையே ஆகும். வட்டிக்கு இனமில்லை, மொழியில்லை. அப்படியிருக்க, வட்டி கட்டுவோர் மட்டும் இனத்தால் பிரிந்து நிற்பது யாருக்கு இலாபம்?

ஆதலின், நாம் வேண்டும் சமூகப் பணி எதுவென்பதைத் தெளிவாகவே சொல்லிவிடலாம். அதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஆசிரியரும் மாணவரும் நாளையே தொடங்கக்கூடியது அது.

முதலில் கடன் பத்திரத்தை வாசிப்போம். அவள் கையெழுத்திட்ட பத்திரம் அவளுக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா, அதன் பிரதி அவளிடம் உண்டா என்று பார்ப்போம். பின்னர் கணக்குப் போடுவோம். 50,000 ரூபா கடன், நூற்றுக்கு 24 வீத வட்டி, ஓர் ஆண்டு. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைகளிற் செலுத்த வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் ஆறு மாதம் கழிந்தபின் அவளிடம் எஞ்சியிருக்கும் கடன் 50,000 ரூபா அன்று. அதில் ஏறக்குறையப் பாதியே. வட்டியோ, கடைசிக் கிழமை வரை முழுத் தொகைக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், 24 என்று சொல்லப்பட்ட வட்டி 40 வீதத்தையும் தாண்டிவிடும். க.பொ.த. சாதாரண தரத்து மாணவனுக்குக் கூட்டுவட்டி கற்பிக்கும் ஆசிரியர் இக்கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால், அன்று மாலையே அது இருபது வீடுகளுக்குச் செல்லும். பாடசாலைக் கணிதம் பிறந்த பயனை அன்றே பெறும்.

அடுத்து, ஒருத்தியின் கணக்கை ஊரின் கணக்காக்குவோம். ஒரு கிராமத்திலிருந்து ஆண்டொன்றுக்கு வட்டியாக வெளியேறும் தொகை எவ்வளவு என்று மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கூடிக் கூட்டிப் பார்க்கட்டும். அத்தொகையைப் பிரதேச சபையின் முன்னும் பாராளுமன்ற உறுப்பினர் முன்னும் வைப்போம். சிங்களத்திலும் எழுதி, பொலனறுவைக்கு அனுப்புவோம். அவர்களின் கணக்கையும் கேட்டுப் பெறுவோம். உறங்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் தட்டி எழுப்பி, அதன் பொதுச்சபையிலே பெண்கள் சென்று அமர வழி செய்வோம். சமூகசேவை உத்தியோகத்தரையும் பட்டம் பெற்ற இளம் பணியாளரையும் பகைக்காது, இவ்வேலைக்கு அழைப்போம். அவர்களுக்குப் பேட்டி காணத் தெரியும். பதிவு செய்யத் தெரியும். இரகசியங் காக்கத் தெரியும். படிவத்திலே இல்லாத கட்டத்தை அவர்கள் நம்முடன் சேர்ந்து நிரப்பட்டும்.

மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவிட்டாள் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவள் அதனோடு நிற்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். சிறைக்கோட்டத்துட் சென்று அங்கு வாடியோர்க்குச் சோறிட்ட அவளிடம், யாது வேண்டுமென்று அரசன் கேட்டபோது, பாத்திரத்துக்கு மேலும் அரிசி வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்க வேண்டுமென்று கேட்டாள். பசியைத் தீர்த்த கையோடு, பசியை அடைத்து வைத்த மதிலையும் சுட்டிக் காட்டினாள். காப்பியம் பயிற்றும் தமிழாசிரியர்கள் அப்பகுதியைச் சற்று நிறுத்திப் பயிற்றுவார்களாக.

சமூகப் பணியின் பெயரால் நடப்பவற்றை அளக்க இனி ஒரே அளவுகோல் போதும். அப்பணி நடந்தபின், துன்பப்பட்டவர் துன்பத்தோடு ஒத்துப்போகக் கற்றாரா, அல்லது துன்பத்துக்குக் காரணமானவர் பதில் சொல்ல நேர்ந்ததா? முன்னையது நிகழ்ந்திருந்தால் அது சமாளிப்புப் பணி. அதற்குப் பட்டமும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். பின்னையதற்கு இந்த நாட்டிலே ஆட்கள் போதாமல் இருக்கிறார்கள். படலையடியில் நிற்கும் அம்மனிதன் அடுத்த கிழமையும் வருவான். அன்று அவள் தனியாக நிற்கக்கூடாது.